நீல வில்லையைத் திறந்து பார்த்தால்: மட்டக்களப்பில் இடியை வாங்கிக்கொள்ளும் சின்னஞ்சிறு பாகங்கள்

14டி 471கே. டீவி போர்ட், மல்டிப்ளக், இன்வேர்ட்டர், நல்ல தரத்துப் பவர் சப்ளை என்று எதைத் திறந்தாலும் மின்சாரம் உள்ளே நுழையும் வாசலில் நீலத்திலோ மஞ்சளிலோ ஒரு வட்ட வில்லை நிற்கும். அதன் நெற்றியில் இப்படி ஏதாவது அச்சடித்திருக்கும். இதை வாசிக்கத் தெரிந்த நாளிலிருந்து பழைய சாமான் எதைக் கண்டாலும் எனக்குக் கை சும்மா இருப்பதில்லை. 14 என்பது வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். டி என்றால் வட்டத்தட்டு. 471 என்றால் 47க்குப் பின்னால் ஒரு பூச்சியம், ஆக 470 வோல்ட். அந்த 470 பத்து வீதம் கூடியோ குறைந்தோ இருக்கலாம் என்பதற்குத்தான் கடைசியில் கே. தன் வழியே ஒரு மில்லி அம்பியர் போகும்போது தன் இரண்டு கால்களுக்கும் இடையில் எத்தனை வோல்ட் நிற்கும் என்பதை அது வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. பெயர் வேரிஸ்டர். கடையில் எம்.ஓ.வி என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட்தானே, 470 எதற்கு? நானும் இதைத்தான் முதலில் கேட்டேன். 230 என்பது சராசரிக் கணக்கு. அலை ஏறி இறங்கும்போது அதன் உச்சி 325 வோல்ட்டைத் தொடும். 230க்கு ஆறு வீதம் மேலேயும் கீழேயும் விதிப்படியே இடமுண்டு. அப்போது உச்சி 345 வரை போகும். அதுவரை இந்த வில்லை தூங்க வேண்டும். 300 வோல்ட் மாறுமின்னோட்டத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தாலும் ஒன்றும் செய்யாமல் தூங்கும்படிதான் 471ஐச் செய்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஏறினால்? நனோ செக்கன் கணக்கில் விழித்து, தன்னையே ஒரு குறுக்குப் பாதையாகத் திறந்துவிடும். 14 மில்லிமீற்றர் வில்லை ஒன்று ஒரே அடியில் 4500 அம்பியரை விழுங்கும்! நம் வீடுகளுக்கு மின்சார சபை தரும் சாதாரண இணைப்பு 30 அம்பியர். அதில் 150 மடங்கை விரல்நுனி அளவுத் துண்டு ஒன்று வாங்கிக்கொள்கிறது. எட்டு மைக்ரோ செக்கனில் உச்சிக்கு ஏறி, இருபதாவது மைக்ரோ செக்கனில் பாதியாக இறங்கும் அடிக்குத்தான் இந்தக் கணக்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நேரம் நீண்டால் கதை வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

மட்டக்களப்புக்கு எழுத வருகிறவர்கள் நிலா வெளிச்சத்தில் கல்லடிப் பாலத்துக்குப் போய்ப் பாடுமீனுக்குக் காது கொடுப்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது டீவி திருத்தும் கடைகளின் பின்னறை. ஏனென்றால் இந்த வில்லைகளுக்கு உண்மையான வேலை இருக்கிற ஊர் இது. இலங்கை முழுவதற்கும் இடிமின்னல் காலம் இரண்டு: பங்குனி சித்திரையை ஒட்டி ஒன்று, ஐப்பசி கார்த்திகையை ஒட்டி ஒன்று. கிழக்குக்கு அது போதவில்லை. தெற்கும் மேற்கும் தென்மேற்கு மழையில் நனையும் மாதங்களில் இங்கே கச்சான் காற்று கொதிக்கும். பகல் முழுக்கக் காய்ந்துவிட்டுப் பின்னேரம் மேற்கே மேகம் கறுக்கும். ஊவா, கிழக்கு மாகாணங்களில் பிற்பகலிலும் இரவிலும் இடியுடன் கூடிய மழை பெய்யலாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அந்த மாதங்களில் ஓயாமல் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல்களுக்கு நடுவே திறந்தவெளியில் மின்கம்பிகள் நெடுந்தூரம் ஓடுகின்றன. கம்பியிலேயே இடி விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்து வயலில் விழுந்தாலும் போதும். அந்த மின்னலின் புலம் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூண்டிவிடும். அது அலையாக இரண்டு பக்கமும் ஓடி, முதலில் எதிர்ப்படும் வீட்டின் ப்ளக்குக்குள் நுழையும்.

இனிப் பின்னறைக்குப் போகலாம். இதைச் சொல்லத்தான் எனக்கு எவ்வளவு அவசரம்!

நகரத்தில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது கடை. முன்பக்கம் ரிமோட்டுகளும் கேபிள்களும் தொங்குகின்றன. திரையை விலக்கிப் போனால் மேசை, விளக்கு, சொல்டர் புகை, சுவர் நீளத்துக்கு அடுக்கிய போர்ட்கள். ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா நிறைய இறந்துபோன பாகங்கள். கடைக்கார அண்ணன் அதைக் கவிழ்த்துக் காட்டினார். நடுவில் பிளந்த நீல வில்லைகள், ஓரம் கருகியவை, கால் மட்டும் மிஞ்சியவை, கண்ணாடி கறுத்த பியூஸ்கள். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து நெற்றியில் எழுதியிருப்பதை வாசித்தேன். 10டி 471, 14டி 471, 7டி 471, ஓர் இடத்தில் 14டி 431.

"இடி இடிச்ச மறுநாள் காலம்பொற கடை திறக்க முந்தியே ஆக்கள் வந்து நிப்பாங்க மகள்," என்றார் அவர். "டீவிய மடியில வெச்சிட்டு இரிப்பாங்க. திறந்து பாத்தா சில ஆக்கள்ற டீவில இது மட்டும்தான் செத்திரிக்கும். மத்ததெல்லாம் பத்திரமா இரிக்கும். இது செத்துத்தான் மத்தத காப்பாத்தியிரிக்கி."

ஒரு டீவியின் பவர் போர்டைத் திருப்பிப் போட்டார். கை வைக்கப் போன என்னைத் தடுத்து, முதலில் பெரிய கப்பாசிட்டரின் கால்களில் ஒரு குமிழ் விளக்கின் வயர்களைத் தொட்டார். விளக்கு ஒரு கணம் மினுங்கி அணைந்தது. ப்ளக்கைக் கழற்றி வெகுநேரம் ஆகியும் அந்தக் கப்பாசிட்டர் மின்சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. போர்டில் கை வைப்பதற்கு முன்னால் இந்த வேலை கட்டாயம். இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் ஸ்க்ரூ ட்ரைவரைத் தூக்கிவிடாதீர்கள்.

பிறகு விரலால் பாதையைக் காட்டினார். இங்கே மின்சாரம் நுழைகிறது. உடனே பியூஸ். பியூஸைத் தாண்டியதும் லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே எம்.ஓ.வி. அடுத்து மஞ்சள் பெட்டிக் கப்பாசிட்டர், சுருள், பிறகு கறுப்போ பச்சையோ நிறத்தில் இன்னொரு வட்ட வில்லை. இந்தக் கடைசி ஆளைப் பார்த்துத்தான் புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள் ஏமாறுவார்களாம். வெளித்தோற்றம் எம்.ஓ.வியேதான், ஆனால் நெற்றியில் 5டி-9 என்றிருக்கும். அது தெர்மிஸ்டர்: குளிரில் 5 ஓம், விட்டம் 9 மில்லிமீற்றர். சுவிட்சைப் போட்டதும் வெறும் கப்பாசிட்டர் ஒரேயடியாக இழுக்கும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துவது அதன் வேலை. வேரிஸ்டர் குறுக்கே நிற்கும். தெர்மிஸ்டர் வழியிலேயே நிற்கும். மாற்றிப் போட்டால்? தெர்மிஸ்டரைக் குறுக்கே போடுவது 230 வோல்ட்டை 5 ஓமில் முட்டவிடுவது. பியூஸ் அந்தக் கணமே போய்விடும்.

இப்போது நீல வில்லையின் வயிற்றுக்குள் போகிறேன். எனக்குத் தெரிந்த மின்னணுப் பாகங்களில் இதைவிட அழகான உள்ளமைப்பு வேறில்லை.

உள்ளே இருப்பது வெள்ளைப் பொடி. துத்தநாக ஒட்சைட்டு. சொறிக்குத் தடவும் கலமைன் மருந்திலும் அதுதான் இருக்கிறது. அதோடு பிஸ்மத், கோபால்ட், மங்கனீஸ், அந்திமனி ஆகியவற்றின் ஒட்சைட்டுகளைச் சிறிதளவு கலந்து, வட்டமாக அழுத்தி, ஆயிரம் பாகை செல்சியசுக்கு மேலே சூளையில் சுடுகிறார்கள். சுடும்போது பிஸ்மத் ஒட்சைட்டு முதலில் உருகித் துத்தநாக மணிகளுக்கு இடையில் ஊடுருவுகிறது. ஆறியபின் கிடைப்பது ஒரு பீங்கான்: நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற மணிகள், ஒவ்வொரு மணிக்கும் இடையில் மிக மெல்லிய எல்லை. மணிகள் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எல்லைகள் தடுக்கும். எவ்வளவு வரைக்கும்? ஓர் எல்லைக்கு ஏறத்தாழ மூன்று வோல்ட். அந்த மூன்றைத் தாண்டினால் எல்லை திறந்துவிடும். வோல்ட் இறங்கினால் மறுபடி மூடிக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்! 470 வோல்ட்டுக்கு வேண்டியது வரிசையாக நூற்றைம்பது எல்லைகள். மணி ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆக வில்லையின் தடிப்பு இரண்டு மில்லிமீற்றர் அளவில் வந்து நிற்கிறது. இன்னும் வோல்ட் வேண்டுமா, தடிப்பைக் கூட்டு. இன்னும் அம்பியர் வேண்டுமா, விட்டத்தைக் கூட்டு. 7, 10, 14, 20 என்று விட்டங்கள் ஏறுவது அதற்காகத்தான். அளவுகோலை வைத்தே ஒரு பாகத்தின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பதில் எனக்கு இன்னும் வியப்புத் தீரவில்லை.

இதைக் கண்டுபிடித்துத் தந்தவர் ஜப்பானில் மட்சுஷிட்டா நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் இருந்த மிச்சியோ மட்சுவோகா. பனாசொனிக் என்று இன்று நாம் அறிகிற நிறுவனம்தான் அது. 1960களின் கடைசியில் அங்கே இந்தப் பீங்கான் உருவானது. 1971இல் அவருடைய ஆய்வுக்கட்டுரை ஜப்பானியப் பௌதிக இதழில் வந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் அதற்கான உரிமத்தை வாங்கிக்கொண்டது. அதற்கு முன் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது சிலிக்கன் காபைட்டு. அதற்கு அரைத் தூக்கம்தான். சாதாரண வோல்ட்டிலேயே மின்சாரத்தைக் கசியவிடும். அதனால் அதோடு காற்று இடைவெளி ஒன்றையும் தொடுத்துத்தான் பாவிக்க வேண்டியிருந்தது. துத்தநாகப் பீங்கான் வந்தபின் இடைவெளி தேவைப்படவில்லை. அரை நூற்றாண்டு போய்விட்டது. மணிகளும் எல்லைகளும் சேர்ந்த அந்தப் பீங்கான்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் போர்ட்களில் நிற்கிறது.

ஆனால் அதற்கு ஆயுள் உண்டு. விழுகிற ஒவ்வொரு பெரிய அடியும் சில எல்லைகளைக் கெடுத்துவிட்டுப் போகும். நெற்றியில் எழுதிய 470 கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பத்து வீதம் இறங்கிவிட்டால் அந்த வில்லை முடிந்தது என்பது பொறியியலாளர் கணக்கு. இறங்க இறங்க, தூங்க வேண்டிய நேரத்திலும் கசியத் தொடங்கும்; கசிவதால் சூடேறும்; சூடேறுவதால் மேலும் கசியும். ஒருநாள் வெடிக்கும், அல்லது குறுக்குச்சுற்றாகி நிற்கும். மின்னலின் குணமும் இதைக் கூட்டுகிறது. நம் கண்ணுக்கு ஒரு வெட்டாகத் தெரியும் மின்னலுக்குள் பெரும்பாலும் மூன்று நான்கு அடிகள் ஒளிந்திருக்கும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கும் இல்லாமல். முதல் அடியின் சூடு ஆறுமுன் அடுத்தது வந்து விழுகிறது. மின்னலை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் படித்தவர்களில் உலகறிந்த ஒரு பெயர் வெர்னன் குரே. இலங்கையர், சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். 2003இல் வந்த 'தி லைட்னிங் ஃப்ளாஷ்' என்ற பெருந்தொகுப்பு அவர் பதிப்பித்தது. நம் தீவின் இடிக்கு நம் தீவிலிருந்தே ஒரு வல்லுநர் கிடைத்ததில் எனக்குப் பெருமை.

இதனால்தான் பியூஸ் முன்னால் நிற்கிறது, எம்.ஓ.வி பின்னால் நிற்கிறது. வில்லை குறுக்குச்சுற்றாகி இறந்தால் அதன் வழியே பாயும் மின்னோட்டம் பியூஸை எரிக்கும், போர்ட் தனித்துவிடப்படும், தீப்பிடிக்காது. அண்ணன் பியூஸின் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கம்பி நடுவில் மட்டும் உருகித் தெளிவாக இருந்தால் பியூஸ் மெதுவாகப் போயிருக்கிறது. கண்ணாடி முழுக்கக் கறுத்தோ வெள்ளிப் பூச்சுப் பூத்தோ இருந்தால் குறுக்குச்சுற்றுத்தான், பக்கத்தில் யார் இறந்து கிடக்கிறார் என்று தேடு. இடி இறங்கிய கதையைப் பியூஸே சொல்லிவிடும்.

இனிச் சொல்லப்போவதில்தான் எனக்கு மனத்தாங்கல். செத்த எம்.ஓ.வியைக் கட்டரால் நறுக்கிவிட்டு, பியூஸை மட்டும் மாற்றினால் டீவி ஓடும். படம் வரும், சத்தம் வரும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வேரிஸ்டர் இல்லாவிட்டாலும் சுற்று வேலை செய்யும் என்பதுதான் அதன் சாபம். மல்டிமீற்றர் வைத்துப் பார்த்தாலும் நல்ல எம்.ஓ.வியும், எம்.ஓ.வியே இல்லாத வெற்றிடமும் ஒரே விடைதான் தரும்.

"வெட்டிட்டுக் குடுத்தா ஓடும்தான் மகள். ஆக்களும் காசு குறைஞ்சா சந்தோசம்தான். மறுகா ஐப்பசில இடி இடிக்கக்குள்ள போர்டே போயிரும். அப்ப எங்கட பேர்தான் கெடும்," என்றார். அவர் வெட்டிய இடத்தில் புதியதைப் பத்துவைத்துத்தான் தருவாராம். சில பத்து ரூபாய்ப் பாகம் அது. ஒரு டீவி போர்டின் விலை பல ஆயிரம். அவருடைய பக்கம்தான் நானும். திருத்தக் கொடுக்கும்போது "எம்.ஓ.வி போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் மலராத திருத்துநரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்து ரவுட்டர். இடிக்கு அதிகம் பலியானவர்களின் வரிசையில் இவர் எப்போதும் முன்னால். காரணம் எளிது: அவருக்கு இரண்டு வாசல். ஒன்று பவர், மற்றது தொலைபேசிக் கம்பி. இடி ஒரு வாசலால் நுழைந்து மற்றதால் வெளியேறப் பார்க்கும். நடுவில் நிற்பவர் கருகுவார். தொலைபேசிக் கம்பியில் எம்.ஓ.வி ஒத்துவராது. அதற்கு மின்தேக்கும் குணம் கூடுதல், வேகமான சமிக்ஞையை விழுங்கிவிடும். அங்கே வருகிறது எனக்கு மிகப் பிடித்த பாகம்: வாயு மின்னிறக்கக் குழாய். சின்னப் பீங்கான் உருளை, இரண்டு முனையிலும் உலோக மூடி, உள்ளே ஆர்கன் அல்லது நியோன் வாயு. தூங்கும்போது அது இருப்பதையே சமிக்ஞை உணராது. 230 வோல்ட் என்று எழுதியிருந்தால் அந்த அளவைத் தாண்டியதும் வாயு அயனாகிப் பொறி பாயும். பாய்ந்த பிறகு குழாயில் நிற்பது வெறும் பத்திருபது வோல்ட்.

இதைப் புரிந்துகொள்ள மட்டக்களப்பார் முகத்துவாரத்தை நினைத்தால் போதும். மாரியில் வாவி நிரம்பி வயல்களும் தாழ்ந்த ஊர்களும் மூழ்கத் தொடங்கினால் மணல் திட்டை வெட்டிவிடுவார்கள். சிறு வாய்க்காலாக வெட்டினாலும் வெள்ளம் தானே அதை அகலமாக்கிக்கொண்டு கடலுக்கு ஓடும். வாவி மட்டம் வெட்டிய அளவோடு நிற்காது, இன்னும் கீழே போகும். ஓட்டம் தளர்ந்த பிறகுதான் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். வாயுக்குழாயும் அப்படியே: ஒருமுறை திறந்தால் ஓட்டம் தளரும் வரை மூடாது. தொலைபேசிக் கம்பியில் ஓட்டம் சிறியது, சீக்கிரம் தளர்ந்துவிடும். 230 வோல்ட் மின்கம்பியில் தனியாக வைத்தால் ஓட்டம் தளராமல் மின்சார சபையின் முழு வலுவும் அதன் வழியே இறங்கப் பார்க்கும். ஆகவே அங்கே அதோடு ஒரு எம்.ஓ.வியைத் தொடராகக் கட்டுவார்கள். ஒருவர் திறப்பார், மற்றவர் மூடுவார். இந்தக் கூட்டணியை முதன்முதலில் ஒரு சுற்று வரைபடத்தில் கண்டபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், சந்தோசத்தில்.

மூன்று கால் உள்ள குழாயும் உண்டு. நடுக்கால் நிலத்துக்கு; பக்கக் கால்கள் தொலைபேசியின் இரண்டு கம்பிகளுக்கு. எந்தப் பக்கம் முதலில் பொறி விழுந்தாலும் ஒரே வாயுவறை என்பதால் மறுபக்கமும் உடனே திறக்கும். இது இல்லாவிட்டால் ஒரு கம்பி நிலத்தோடு ஒட்ட, மற்றது உயரத்தில் நிற்க, அந்த வித்தியாசமே மோடத்தைக் கொன்றுவிடும். இப்போது ஃபைபர் வந்துவிட்டதே, கண்ணாடி இழையில் இடி எப்படி வரும் என்கிறீர்களா? கண்ணாடியில் வராது. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் கேபிளில் பாரத்தைத் தாங்க ஓர் இரும்புக்கம்பி கூடவே வருவதுண்டு. அதைச் சுவரோடு நிறுத்தாமல் ரவுட்டர் வரை கொண்டுவந்து விட்டால் பழைய வாசல் மறுபடி திறந்ததாகிவிடும்.

பின்னறையில் நான் துள்ளிய இடம் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. ஒரு பழைய மோடத்தின் போர்டில், எந்தப் பாகமும் பொருத்தப்படாத ஓர் இடத்தில், செப்புத் தடத்தில் எதிரெதிராக இரண்டு வரிசைப் பற்கள். முனையும் முனையும் தொடாமல் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பொறி பாய்வதற்காகவே வெட்டிய இடைவெளி அது. பாகச் செலவு ஒரு சதமும் இல்லை. தந்தி அலுவலகங்களில் பித்தளைத் தகடுகளுக்கு இப்படித்தான் பல் வெட்டி இடியை நிலத்துக்கு இறக்கினார்கள். கூர்முனையில் மின்புலம் குவியும் என்ற அறிவு தந்திக் காலத்திலிருந்து நேராக இந்த மோடத்துக்குள் வந்து இறங்கியிருக்கிறது!

டீ.வீ.எஸ் டையோட்டையும் பெயராவது சொல்லிவிடுகிறேன். சிலிக்கன், மிக வேகம், வோல்ட்டை மிகத் துல்லியமாக நிறுத்தும், ஆனால் பெரிய அடியைத் தாங்காது. யூ.எஸ்.பி வாசலிலும் நெற்வேர்க் வாசலிலும் கடைசிக் காவலாள் இதுதான். நல்ல வடிவமைப்பில் மூன்று பேரும் வரிசையில் நிற்பார்கள்: வெளியே வாயுக்குழாய், நடுவில் வேரிஸ்டர், உள்ளே டையோட்டு.

இவ்வளவு பேரும் இடியை அழிப்பதில்லை. பெரும்பகுதியை வேறு வழிக்குத் திருப்பிவிடுகிறார்கள். எங்கே? நிலத்துக்கு. நிலம் இல்லாவிட்டால்? இந்தக் கேள்விக்கு மட்டக்களப்பின் மண்ணே இரண்டு விதமாகப் பதில் சொல்கிறது. வாவிக் கரையின் ஈர உவர்மண் மின்சாரத்துக்கு அருமையான வழி. உப்பு நீர் நன்றாகக் கடத்தும். கல்லடி, காத்தான்குடிப் பக்கம் வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணலோ மேலே காய்ந்திருக்கும்போது கடத்த மறுக்கும். ஆனால் கொஞ்சம் தோண்டினாலே நீர்மட்டம். எர்த் ரொட் அந்த ஈரம் வரை இறங்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. உப்புக்கு இன்னொரு முகமும் உண்டு: ரொட்டையும் கவ்வியையும் அரித்துவிடும். கவ்வி பச்சை பூத்துக் கழன்றிருந்தால் அந்த வீட்டில் நிலம் பெயருக்குத்தான். ஐப்பசி வருமுன் எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதைச் சுரண்டி இறுக்கச் சொல்லுங்கள். அடாப்டரில் செருகுவதற்காக மூன்றாவது முள்ளை முறித்துவைத்திருக்கும் ப்ளக்குகளைக் கண்டால் எனக்கு உண்மையாகவே நெஞ்சு பதறுகிறது.

வயரின் நீளமும் விளையாடும். ஒரு மீற்றர் நேர்க்கம்பிக்கே ஒரு மைக்ரோஹென்றி அளவு தூண்டல் இருக்கிறது. 3000 அம்பியர் எட்டு மைக்ரோ செக்கனில் ஏறினால் அந்த ஒரு மீற்றரில் மட்டும் ஏறத்தாழ 375 வோல்ட் எழும்! எத்தனை அருமையான பாதுகாப்புப் பெட்டியைச் சுவரில் மாட்டினாலும், அதன் கம்பிகளை அழகுக்காகச் சுவரோரம் சுற்றிவளைத்துக் கொண்டுபோனால், அந்த அழகு முழுதும் வோல்ட்டாக மாறி டீவியின் தலையில் விழும். குட்டையாக, நேராக. இந்தத் தொழிலின் முழு மந்திரமும் இந்த இரண்டு சொல்லில் இருக்கிறது.

நேரம் நீண்டால் கதை வேறு என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான். காற்றில் நியூட்ரல் கம்பி கழன்றுவிட்டால் சில வீடுகளில் 230 மேலே ஏறி 400ஐ நெருங்கும். அது மைக்ரோ செக்கனில் முடியாது. லைன் ஆட்கள் வரும்வரை நிற்கும். 300 வோல்ட் எம்.ஓ.வி ஒவ்வொரு அலையிலும் திறந்து திறந்து, சில செக்கன்களிலேயே கொதித்து வெடிக்கும். அங்கே உதவுவது கடைகளில் டீவி கார்ட், பிரிட்ஜ் கார்ட் என்று விற்பது. உள்ளே ரிலே இருக்கும், வோல்ட் கூடினால் துண்டித்துவிடும். ஆனால் ரிலேயின் கை அசைய மில்லி செக்கன்கள் வேண்டும். அதற்குள் இடி வந்து போய்விடும். கார்ட் இருக்கிறதே, எம்.ஓ.வி எதற்கு என்று கேட்பவர்களிடம் அண்ணன் சொல்வது: "ரெண்டும் வேற வேற வேல கா." பக்கத்திலேயே விழுகிற இடிக்கு இந்த இரண்டாலுமே ஆவதில்லை. முழக்கம் கேட்க முன்னமே ப்ளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவைப்பதுதான் வழி.

மல்டிப்ளக் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நல்லதில் எம்.ஓ.வியோடு ஒட்டி ஒரு வெப்ப இணைப்பு இருக்கும். வில்லை சூடேறத் தொடங்கினால் அந்த இணைப்பு உருகி வில்லையைக் கழற்றிவிடும். கூடவே பாதுகாப்பைக் காட்டும் சின்ன விளக்கு அணையும். ப்ளக் தொடர்ந்து வேலை செய்யும், காவல் மட்டும் இருக்காது. அந்த விளக்கு அணைந்த மல்டிப்ளக் வெறும் நீட்டுவயர்தான். கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி. இன்வேர்ட்டருக்குப் பக்கத்துப் பெட்டியில் செருகு வடிவில் எம்.ஓ.விகள் நிற்கும், நெற்றியில் சிறு யன்னல். பச்சை என்றால் உயிரோடு, சிவப்பு என்றால் முடிந்தது. செருகை இழுத்துப் புதியதைத் தள்ளினால் போதும்.

கடையிலிருந்து வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். கம்பத்தில் 33 கிலோவோல்ட்டை 400 வோல்ட்டாக இறக்கும் ட்ரான்ஸ்போமர். அதன் மேல், ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்றாக, வளையம் வளையமாகச் சேலை கட்டிய மூன்று உருளைகள். இடிதாங்கிகள். உள்ளே அதே துத்தநாக ஒட்சைட்டு, அதே மணிகள், அதே மூன்று வோல்ட் எல்லைகள். தடித்த கட்டைகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஆயிரக்கணக்கான எல்லைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். டீவிக்குள் பார்த்த வில்லையின் மூத்த அண்ணன்மார்! இவர்களும் அடி வாங்கி வாங்கி ஒருநாள் இறப்பார்கள். இறந்தது கீழே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இப்போதைய வகைகளில் உருளையின் அடியில், நிலக்கம்பி பொருந்தும் இடத்தில் ஒரு சிறு வெடிமருந்துத் துண்டு உண்டு. இடிதாங்கி குறுக்குச்சுற்றானால் அது வெடித்து நிலக்கம்பியைக் கழற்றித் தள்ளிவிடும். லைன் மறுபடி ஓடும். மறுநாள் வாகனத்தில் வரும் லைன் ஆட்கள் ஏணி வைக்க வேண்டியதில்லை. வீதியில் நின்றபடியே, கம்பத்தில் எந்த உருளையின் கீழ் வயர் கழன்று தொங்குகிறது என்று பார்த்து, மாற்ற வேண்டியது எது என்று குறித்துக்கொள்வார்கள்.